அசல் வழக்கு எண் 41, சர்க்கரையாக

தேவகோட்டைக் கோர்ட்டுச் சாலையில்
பழைய பேப்பர் எடைபோடும் சிக்கந்தர்
கிலோ பதினான்கு என்றார், பன்னிரண்டுக்கு இறங்கினார்.
"சாக்கைத் திருப்பிக் கொடுத்துரணும்."
வக்கீல் காலமானபின் மகன் அலமாரியை ஒழித்ததாம்.
எனக்கு என்ன எழுதியிருந்தால் என்ன,
வேண்டியது செல்லுலோஸ்.

காரைக்குடி பஸ்ஸில் மடிமேல் சாக்கு.
முடிச்சு நெகிழ்ந்து ஒரு தாள் எட்டிப் பார்த்தது:
வாதி உமையாள் ஆச்சி,
பிரதிவாதிகள் பதினேழு புள்ளி.
இரண்டாம் கட்டில் மேற்கே நாலாவது அறை,
கிணற்றில் இறைக்கும் பாத்தியதை,
நடுச்சுவரில் அரைக்கால் பங்கு.
படிக்கக் கூடாதென்று
ரஸ்தா வரும்வரை படித்தேன்.

முதலில் சோப்பு.
துணிக்குப் போடுவதல்ல, அதற்குச் சொந்தக்காரன்தான்;
ஒரு கையால் எண்ணெயையும்
மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறவன்.
கூழில் விட்டுக் கலக்கியதும்
கார்பன் நகலின் நீலம்,
ரப்பர் முத்திரையின் ஊதா,
யாரோ ஓர் அதிகாரியின் பச்சைக் கையெழுத்து
எல்லாம் நுரையேறி மேலே வந்தன.
கரண்டியால் வழித்துப் போட்டேன்.

அடுத்து சிட்ரிக் அமிலம்.
பொசபொசவென்று பொங்கியது.
தாள் வெளுப்பாய்த் தெரிய
ஆலையில் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள்.
முட்டை வெள்ளைக்கரு குழைத்து மெழுகிய
அந்த வீட்டு நடுச்சுவரிலும் இதே சரக்குதான்.
பதினேழு புள்ளிக்கும் பிரிக்க வராத சுவர்
என் பீக்கரில் ஐந்து நிமிடம்
கொப்பளித்து அடங்கியது.
பி.எச். நாலு புள்ளி எட்டு.

பிறகு நொதி.
கத்தரிக்கோல் என்று பாடப்புத்தகம் சொல்லும்.
எனக்கு அப்படித் தோன்றியதில்லை.
மின்சாரம் போன இரவில்
கயிற்றைத் தடவித் தடவிப் போகிறவன் அது.
போகிற வழியெல்லாம் கயிறு
இரண்டிரண்டு கண்ணியாய் உதிரும்;
பின்னால் வரும் இன்னொரு நொதி
அந்த இரண்டையும் ஒன்றொன்றாக்கும்.
வழியில் லிக்னின் தட்டுப்பட்டால் போச்சு.
வாய்தாவுக்கு வந்தவன்
கோர்ட்டு வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி
ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும்.
சோப்பின் இரண்டாவது வேலை இங்கேதான்:
அந்த பெஞ்சில் முன்கூட்டியே போய்
அகலமாக உட்கார்ந்துகொள்கிறது.
இடமில்லை அப்பா,
உள்ளே போய் வேலையைப் பார்.

ஐம்பது டிகிரி, எழுபத்திரண்டு மணி நேரம்.
இரண்டாம் இரவு நிஜமாகவே கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் நிர்வாகக் கட்டடத்துக்கு மட்டும்.
குடுவைகளைத் துண்டில் சுற்றி
வெந்நீர் வாளியில் இறக்கி
தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருந்தேன்,
காய்ச்சல்காரப் பிள்ளைக்குக்
காவல் இருக்கிறவளைப் போல.
சினிமா பார்த்திருக்கலாம்.

சர்க்கரை ஏற ஏற நொதி மந்தமாகிறது,
தான் செய்ததே தன் வாயை அடைக்க.
இதை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்,
பட்டம் வாங்காமலே.

மூன்றாம் நாள் சோதனைக் குழாயில்
மஞ்சள் திரவம் கொதித்துக்
காவிக்கும் துருவுக்கும் நடுவே நின்றது.
சோப்பில்லாத குடுவை: நூற்றுக்கு முப்பத்தெட்டு.
சோப்புள்ளது: அறுபத்தொன்று.
இரண்டு தடவை கணக்குப் போட்டேன்.
பிறகு கதவைச் சாத்திவிட்டு
மூன்றாவது தடவை.

"இனிக்குமாம்மா?" என்றார்
குழாய் கழுவும் பொன்னழகு.
பூஞ்சை பிடிக்காதிருக்க விஷம் சேர்த்திருப்பதைச் சொன்னேன்.
மேசையில் சிந்திய ஒரு சொட்டை
எறும்புகள் சுற்றி வந்து பார்த்துவிட்டு
ஒத்திவைத்துக் கலைந்தன.

சனிக்கிழமை சாக்கை உதறும்போது
அடித் தையலில் ஒரு தாள் மாட்டியிருந்தது.
சமரசம் ஏற்படாததால்
அடுத்த வாய்தா ஜூன் பதினாலு.
வருடம் இருந்த மூலை கிழிந்திருந்தது.

நிழலில் உலர்த்தி எடைபோட்டேன்.
நாலு கிராமும் கொஞ்சமும்.
திங்கட்கிழமைக் குடுவைக்கு ஆகும்.