வேண்டாதவை, பதினேழு வண்டி

உப்பு இலாகா துரைக்கு
வேதக்கோயில் பழக்கமில்லை.
ஞாயிறு விடியுமுன் குதிரை பறம்பில் நிற்கும்.
பின்னால் குடை, சுருட்டுப் பெட்டி, அளவுச் சங்கிலி.
அதற்கும் பின்னால்
மஸ்டர் எழுதும் பிறவிப்பெருமாள், நான்.

ரோமாபுரியார் கட்டிய கோயில் ஒன்று
இந்தச் செம்மண்ணுக்குக் கீழே இருப்பதாக
ஏதோ பழைய படத்தின் நகல் அவருக்குச் சொல்லியிருந்தது.
படத்தில் ஆறு நேராக ஓடியது.
தாமிரபரணி ஒருநாளும் அப்படி ஓடியதில்லை.
நான் சொல்லவில்லை.
மாதம் ஏழு ரூபாய்.

ஆணுக்கு இரண்டணா, பெண்ணுக்கு ஒன்றேகால்.
முழுப்பானை எடுத்தால் மேலே அரையணா.
உடைந்ததற்கு ஒன்றுமில்லை.
இரண்டாம் வாரம் முழுப்பானைகள் பெருகின.
ஒன்றிரண்டில் புளிக்குழம்பு வாசம்.

துரை தேடியது தூண்.
கிடைத்தது தாழி.
உள்ளே உமி, துருவேறிய கத்தி,
முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருந்த ஒருவர்.
"தள்ளி வை" என்றார் துரை.
தூக்குமுன் மாடப்பன்
தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

மேற்குக் குழியில் செங்கல் தட்டியதும்
துரை தொப்பியைக் கழற்றினார்.
முட்டி போட்டுப் பேனாக்கத்தியால் சுரண்டச் சுரண்ட
வட்டமாக வந்தது.
கருவறை என்று எழுதச் சொன்னார். எழுதினேன்.
பேச்சித்தாய் கூடையோடு எட்டிப் பார்த்து
"கெணறுல்லா இது" என்றாள்.
ஐந்தாம் முழத்தில் ஊற்றுக்கண் திறந்தது.
எல்லாரும் குடித்தோம், குதிரையும்.
எழுதியதை நான் அடிக்கவில்லை.

அன்று பொழுதடைய ஒரே ஒரு காசு.
துரை அதை எச்சில் தொட்டுத் துடைத்து
அவளிடமே நீட்டினார்: யார் முகம், தெரியுமா?
"கழுத்துச் சதையப் பாத்தா
வரி வாங்கித் தின்னவன் கணக்கா இருக்கு."
நான் மொழிபெயர்த்தேன்:
இவளுக்குத் தெரியாதாம், துரை.

மார்கழியில் மாற்றல் உத்தரவு.
வைக்கோல் திணித்த பெட்டிகள் தூத்துக்குடிக் கப்பலுக்குப் போயின.
கடைசிப் பக்கத்தில் கணக்கு முடித்தேன்.
முழுப்பானை நாற்பத்தொன்று.
காசு ஒன்று.
கோயில் ஒன்று.
வேண்டாதவை, பதினேழு வண்டி.

அந்தப் பதினேழையும் சாலைக்குக் கொட்டி
மேலே சரள் போட்டார்கள்.
அதன்மேல்தான் இப்போது கச்சேரிக்கு நடக்கிறேன்.
மழை விட்ட காலைகளில்
கறுப்பும் சிவப்புமாக எழும்பிவரும், செருப்பைக் கிழிக்கும்.
நேற்று ஒரு சில்லில்
சுடுமுன்னே பதிந்த பெருவிரல்.
குனிந்து என் விரலை வைத்துப் பார்த்தேன்.
கொள்ளவில்லை.

அரையணா பெறாது.
மடியில் கட்டிக்கொண்டேன்.