அழியாத மை

பீன்யா இரண்டாம் கட்டம். சனிக்கிழமை.
லேத்துகள் எண்ணெய் மினுங்க ஓய்ந்து கிடந்தன.
மாடியறையில் நாங்கள் ஐந்து பேர்,
ஒரு வெள்ளைப் பலகை,
அடுத்த மூன்று வருடங்கள்.

மதியத்துக்குள் பதினாலு இலக்குகள்.
புனேயில் கிளை.
வால்வோடு மோட்டாரும்.
கூரை முழுக்க சோலார்.
செல்போன் செயலி ஒன்று: எதற்கென்று
எவருக்கும் தெரியவில்லை,
பக்கத்து ஷெட்காரர் வைத்திருக்கிறார்.
எழுத எழுத
பெரிய ஆட்களாகிக்கொண்டிருந்தோம்.

கணக்கர் நஞ்சுண்டப்பா வாயே திறக்கவில்லை.
டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் கோடு இழுத்தபடி இருந்தவர்
காபி வந்தபின் கேட்டார்,
கன்னடம் பாதி தமிழ் பாதியாக:
இதில் எதையெல்லாம்
நாம் செய்யப்போவதில்லை மேடம்?

மின்விசிறி அவ்வளவு சத்தம் போடும் என்பது
அப்போதுதான் தெரிந்தது.

டஸ்டரை எடுத்தேன்.
புனே போனது. சுலபம்.
செயலி போனது; யாரோ சிரித்தார்கள்.
மோட்டாரை அழிக்கையில்
சசிரேகாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.
அவளுடைய ஒன்றரை வருடம்
நீலப் பொடியாக
என் மணிக்கட்டில் ஒட்டியது.

ஒன்று மட்டும் அசையவில்லை.
மூலையில், சாய்ந்த எழுத்தில், நைரோபி.
தேவசகாயம் எழுதியது, கம்பெனியின் முதல் மாதம்,
தவறுதலாக நிரந்தர மார்க்கரில்.
பங்கைப் பிரித்துக்கொண்டு அவர் போய்
நாலு வருடமாகிறது.
ஒவ்வொரு கூட்டத்திலும்
அதைச் சுற்றியே எழுதி வந்திருக்கிறோம்,
கூடத்துத் தூணைச் சுற்றி நடப்பதுபோல.

சசிரேகாதான் கைப்பையைத் திறந்தாள்.
நகப்பூச்சு அழிக்கும் திரவம், கொஞ்சம் பஞ்சு.
ஒன்றும் பேசாமல் தேய்த்தாள்.
'பி' கடைசியில் போனது.

மிஞ்சியவை இரண்டு.
நூறு வால்வில் ஆறு கசிந்து திரும்பி வருகிறது,
அதை ஒன்றாக்குவது.
மற்றதை இங்கே சொல்லமாட்டேன்,
போட்டிக் கம்பெனிக்காரர்களும் கவிதை படிக்கக்கூடும்.

திங்கள், ஒன்பது பத்துக்குப் புனேயிலிருந்து போன்.
மோட்டாரோடு சேர்த்து நாலாயிரம்,
உடனே, பாதிப்பணம் முன்னால்.

பலகையைப் பார்த்தேன்.
வெறும் வெள்ளை
எத்தனை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

மறுப்பதற்கு என் இந்தி போதவில்லை.
மூன்று விதமாகச் சொல்லவேண்டியிருந்தது.
கீழே முதல் லேத்து ஓடத் தொடங்கியது.
சம்பளப் பட்டியலோடு நஞ்சுண்டப்பா
வாசலில் நின்றிருந்தார்,
எவ்வளவு நேரமாகவோ.