மூன்று தட்டுக் கதவு

முதல் ஆட்டத்தில் நாங்கள் மூவர்.
தம்பி சத்தியசேன் கல்லாளன்:
பாறைத் தோள், தாவத் தெரியாது.
நான் கயிற்றுக்காரி.
தொங்குவேன், ஊசலாடுவேன், எதையும் தூக்கமாட்டேன்.
அவன் மனைவி ஜெயசீலிக்கு விளக்கு.
அவள் வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும்
இல்லாத படிக்கட்டு இருக்கும்.

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்குபோட்ட கூடம்.
நாங்கள் பள்ளத்தில் விழுந்து கத்தினால்
சுவருக்கு அந்தப்புறம் நாய் குரைக்கும்.
வெள்ளிக்கிழமையென்றால் பீன்ஸ் பன்னி,
தரையில் விரித்த செய்தித்தாளில் மூன்று விதமாகப் பிய்த்தது.
'கையத் துடைச்சிட்டுத் தொடு' என்பாள்.
தம்பியின் பொத்தான்களில் அப்போதும் மசாலா வாசம்.

வழியில் வெண்கல மணி தொங்கும் மண்டபங்கள் உண்டு.
மணியை அடித்தால்தான் ஆட்டம் நம்மை நினைவில் வைத்துக்கொள்ளும்.
எட்டு மணிக்குக் கரண்ட் போகும்,
ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை.
ஏழு ஐம்பத்தெட்டு.
பாதாளத்தின் மேல் நான் கயிற்றில்,
கயிறு அவன் தோளில்,
அவன் நின்ற படி அவள் வெளிச்சத்தில்.
'யாரும் அசையாதீங்க' என்றாள்.
எல்லாமே அசையாமல் போனது,
டிவி, ஃபேன், தெரு.
அன்றைக்கு இருட்டில் சிரித்த சிரிப்பை
எந்த மணியிலும் அடித்துவைக்கவில்லை நாங்கள்.

இரண்டாம் ஆட்டம் முடிகிறபோது
வீட்டில் அவர்கள் பேச்சு நின்றிருந்ததாம்.
எனக்கு எப்படித் தெரியும்?
திரைக்குள் நன்றாகத்தான் பேசினார்கள்.
'பிடி.' 'விடு.' 'நான் சொல்றவரைக்கும் பொறு.' 'இப்ப.'
இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்ட
புருஷன் பெண்டாட்டியை நான் கண்டதில்லை.

மே மாதம் வக்கீல் கடிதம்.
வெள்ளை போலோவில் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு
டொங்காட்டுக்குப் போனாள்.
பச்சை டேப் சுற்றிய கன்ட்ரோலரை
சோபா இடுக்கிலேயே விட்டுவிட்டாள்.

மூன்றாம் ஆட்டத்தை நானும் தம்பியும் தொடங்கினோம்.
விளக்கை இனி யாரும் எடுக்கலாம் என்றது ஆட்டம்.
அவன் எடுக்கவில்லை.
நான் எடுத்து,
படிகளையெல்லாம் தப்பான இடத்தில் முளைக்கவைத்தேன்.
பயம் கடைசிக் கதவை நினைத்துத்தான்.
மூன்று தட்டில் மூன்று பேர் ஏறி நின்றால்
திறக்கிற கதவு அது, போன இரண்டிலும்.

வந்தது.
தட்டு இரண்டுதான் இருந்தது.
எத்தனை கன்ட்ரோலர் என்று எண்ணிப் பார்த்து
மூன்றாவதை ஆட்டமே எடுத்துவிட்டிருக்கிறது.
தரையில் ஒரு குழி, ஒரு தழும்பு, ஏதாவது?
சமமாக, சுத்தமாகப் பூசியிருந்தார்கள்.
'சுலபமாப் போச்சு' என்றான்.
கதவு திறந்தது.
அதைக் கட்டிய கொத்தனை நினைத்து
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது வந்த வாரம் போனில் ஒரு வரி.
'உறைஞ்ச அருவிக்கு வந்தாச்சா?'
ஜெயசீலி. பதினோரு மாதம் கழித்து,
சுகமா என்றுகூட இல்லை.
தனியாக ஆடுகிறாளாம்.
தனியாள் என்றால் மூவரும் ஒரே உடம்பில்.
ஒரு பொத்தானில் அவன், இன்னொன்றில் நான்.
'நேத்து ராத்திரி நீயா இருந்துதான் அருவியத் தாண்டினேன்.
உன் கயிறு நல்ல கயிறு. ஆனா
விடுற நேரம் தெரியவேமாட்டேங்குது.'

அவனாக இருக்கும்போது? என்று தட்டினேன்.
மூன்று புள்ளிகள்
துடித்தன, அணைந்தன, மறுபடி துடித்தன.
'கனம்.'
பிறகு, 'எனக்கும் தாவ வரல.'

'யாரு?' தம்பி திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
'மின்வெட்டு அறிவிப்பு. நமக்கு எட்டு மணிக்கு.'
'டொங்காட்டுக்கு?'

என் கயிற்றுக்காரி பாதி ஊசலில் நின்றுபோனாள்.
'பத்து' என்றேன்.

தலையாட்டிவிட்டுக்
கல்லாளனை விளிம்புவரை நடத்திப்போய்
தோளைக் காட்டி நின்றான்.
ஏழு ஐம்பத்தாறு.
நாய் இன்னும் குரைக்கவில்லை.