முப்பது மில்லி மஞ்சள்

முதலில் பச்சைதான் வந்தது.
பேனாவின் தொண்டையில்
போன மாதத்து நீலம் ஒட்டிக்கிடந்திருக்கிறது.
முதல் வரி கிளிப்பச்சை,
அடுத்தது எலுமிச்சங்காய்,
அதற்கடுத்தது பாதி பழுத்தது.
டம்ளர் தண்ணீரில் நான்கு தரம் கழுவியும்
போவேனா என்றது நீலம்.
ஐந்தாம் தரம்
அசல் மஞ்சள் இறங்கியது.
இறங்கியதாகத்தான் நினைத்தேன்.
டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை.

தேவகோட்டை,
சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசை,
ஜெராக்ஸ் கடைக்கும் பழக்கடைக்கும் நடுவே
எங்கள் பத்திர ஆபீஸ்.
பத்திரமெல்லாம் கணினியில் அடிப்பதுதான்.
பேனா என் சொந்தச் செலவு.
இந்தப் புட்டி, கொரியர் சேர்த்து, அறுநூற்றிருபது ரூபாய்.
"மஞ்சள்ல எழுதி யாருக்குடி படிக்கக் கொடுப்பே?"
ஸ்கேனரை விட்டுத் தலை தூக்காமல் கேட்டாள் உமையாள்.

புட்டியைத் தூக்கிப் பார்த்தால்
ஆவாரம்பூவைக் கண்ணாடிக்குள் பிழிந்த மாதிரி.
முகர்ந்தால் மருந்துக்கடை.

புது மைக்கு என்ன எழுதுவது?
பிள்ளையார் சுழி எங்கள் வீட்டில் வழக்கமில்லை.
ஒரு சிலுவை போட்டேன். காணோம்.
பிறகு கை தனக்குப் பழகினதை எழுதியது:
இதன் நான்கெல்லையாவது
வடக்கே பொன்னழகி வகையறா புஞ்சை
கிழக்கே வண்டிப்பாதை
தெற்கே கண்மாய்க்கரை
மேற்கே

மேற்கேயில்தான் உறைத்தது,
இது கல்லல் பக்கத்து
எங்கள் இருபத்திரண்டு சென்ட் அல்லவா.

மூன்று மாதமாய்க் கேட்கிறான் தம்பி, திருப்பூரிலிருந்து.
"ஊருக்கெல்லாம் அடிக்கிறே,
எனக்கு ஒரு பக்கம் அடிக்கக் கூடாதாக்கா?"
நியாயம்தான்.
நாளைக்கு இரண்டு விடுதலைப் பத்திரமாவது அடிக்கிறேன்.
வளவு வீட்டில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு,
தொண்ணூற்றாறில் ஒரு பங்கு.
கோலாலம்பூரிலிருந்து வந்து
டாக்ஸியை நிற்கவைத்து ரேகை வைப்பவர்களுக்கும்
டீ ஆறுவதற்குள் முடித்துத் தந்திருக்கிறேன்.

சரி, மை இருக்கிறது.
பிரிண்டர் கடித்துத் துப்பிய தாள் இருக்கிறது.
கூட்டமில்லாத மத்தியானம்.
எழுதினேன்:
என் தம்பி சவரி பெயருக்கு
ஜெயராக்கினி எழுதிக் கொடுத்தது என்னவென்றால்
யாருடைய தூண்டுதலும் இன்றி
என் மனப்பூர்வமான சம்மதத்தின்பேரில்
மேற்படி சொத்தில் எனக்குள்ள உரிமையை
விடுதலை

தாள் வெள்ளையாகவே இருந்தது.

நாலரைக்கு
வெயில் சாய்ந்து மேசைமேல் ஏறியது.
தாளை உருவி ஜன்னலில் பிடித்தாள் உமையாள்.
"எழுத்தையே காணோம். வெறும் புள்ளி."

ஓடின கோடெல்லாம் தாளோடு போய்விட்டது.
நிப்பு ஒரு நொடி நின்ற இடத்தில் மட்டும்
மை தேங்கிக் காய்ந்து
தேன் நிறத்துக்கு வந்திருந்தது.
உயிர் ஒன்றும் மிஞ்சவில்லை,
மெய்யின் தலையில் வைத்த புள்ளிதான்.

எண்ணிப் பார்த்தோம்.
சம்மதத்தின்பேரில் நாலு.
மனப்பூர்வமானவில் ரெண்டு.
தம்பிக்கு ஒன்று.
சவரிக்கு இல்லை.
உரிமையில் புள்ளி கிடையாது, விடுதலையிலும் கிடையாது.
இத்தனை வருஷம் அடித்தும் கவனித்ததில்லை.
என் பெயருக்கு ஒன்றே ஒன்று,
ஆனால் கொழுத்தது.
க் மேல் பேனாவை வைத்துவிட்டு
எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இது எந்த எழுத்துக்கு?"
உமையாள் விரலை வைத்த இடத்தில்
மிளகளவு ஒரு மஞ்சள்,
தாளின் பின்பக்கம் வரை இறங்கியிருந்தது.
மேற்கேவுக்கு அப்புறம்.
எழுத்தே இல்லாத இடம்.

செல்போன் அடித்தது. சவரி.
"எழுதியாச்சாக்கா?"
"எழுதியாச்சு."
"வாட்ஸப்பில் அனுப்பு."
"போட்டோவில் விழாதுடா. சவரி,
மேற்கே யார் நிலம்?"

அந்தப் பக்கம் தறிச் சத்தம்.
கொஞ்ச நேரம் தறிச் சத்தம் மட்டும்.
"தெரியலையே," என்றான்.
"நீயும் நானும் போய்ப் பார்த்துட்டு வரணும்."

போனை வைத்தபோது
என் பேனாவைத் திறந்து
ஓரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் உமையாள்.
வெயில் மேசையை விட்டு இறங்குவதற்குள்
குனிந்து தேடினாள்.
கடைசியில் ஒரு புள்ளி.
"அட, நான்தான்," என்றாள்.