வழக்குச் செலவு

பதினான்கு வேலைநாள் என்றது சட்டம்.
நான் கேட்டது ஒரேயொரு நில அளவைப் படம்,
சல்லிக் கரையில் எங்கள் வாடி நின்ற துண்டுக்கு.
இரண்டு சோளகம் அடித்து ஓய்ந்தது.

கோவை கொழும்பில், என்றார்கள்.
பிறகு, கோவை இங்கேதான், ஆள்தான் லீவு.
ஒருநாள் கச்சேரி மதிலோரம்
மான் ஒன்று காகிதம் மென்றுகொண்டு நின்றது.
என் விண்ணப்பமோ என்று
எட்டிப் பார்த்தேன்.

சட்டத்தரணி யோகமலர்
சின்னக் கொப்பியில் எழுதிவந்தார்:
முத்திரை, தட்டச்சு,
இரவு ரயில் மூன்று தடவை.
தன் கூலிக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு.
"வென்றால் அவையளிட்டையே வாங்கலாம்."
அந்த "வென்றால்"-ஐ நம்பி
பதினைந்து குதிரை எஞ்சினை அடகுவைத்தேன்.

வழக்கைக் கூப்பிட இருபது நிமிடம் இருக்க
படியேறி ஓடிவந்த ஒருவர்
பழுப்பு உறையைக் கையில் திணித்தார்.
தாளில் இன்னும் சூடு.
எதிர்க்கடையில் கொப்பி எடுத்ததாம்.

"கிடைத்துவிட்டதே," என்றார் நீதிபதி,
"இனித் தீர்க்க என்ன இருக்கிறது?"
வென்றவர் இல்லை, ஆகவே
செலவுக் கட்டளையும் இல்லை.

எழுநூறு நாள் ஒளித்தவன்
கொடுத்த காலையில் நல்லவனாகிவிடுகிறான்.
யோகமலர் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை.
பென்சில் கோட்டை அழிக்கவுமில்லை.

திங்களன்று அலுவலகத்திலிருந்து அழைப்பு:
இரண்டு பக்கம், எட்டு ரூபா பாக்கி.
கட்டினேன்.
ரசீதில் முத்திரை குத்தி எழுதியிருந்தது:
செலவு, முழுதும் அறவிடப்பட்டது.