பத்து அங்குலம்

ஏப்ரலிலிருந்து எங்களுக்குச் சமையலறை இல்லை.
குளியல் தொட்டியின் மேல் ஒரு பலகை,
பலகை மேல் முகாம் அடுப்பு,
அதன் மேல் நான் கிண்டும் முட்டை.
பல்துலக்கியை எடுக்கப் போனால்
கையில் கரண்டி வருகிறது.

ரோனா பல் செய்கிறவள்.
டனீடனில் ஓர் ஆய்வுக்கூடத்தில்
யார் யார் வாய்க்கோ கடைவாய்ப்பல் வார்த்து
மயிரிழை மயிரிழையாகத் தேய்ப்பது அவள் பிழைப்பு.
சனிக்கிழமை ரம்பத்தை எடுத்தால் மட்டும்
அரை விரற்கடை எங்கேயோ போய்விடுகிறது.
"இடிக்கிறது, உறுத்துகிறது என்று
மரம் வாய் திறந்து சொல்வதில்லையே" என்பாள்.

நான் துறைமுகத்தில் மரம் ஏற்றுகிறவன்.
நாளைக்கு ஒரு காட்டைத் தூக்கிக் கப்பலில் வைக்கிறேன்.
வீட்டுக்கு வந்தால்
நேரான ஒரு குச்சி கிடையாது.

முதல் அலமாரியை
நூல் பிடித்தாற்போல் செய்தாள்.
நாலு மூலையும் மூலைமட்டத்துக்குள் அடங்கின.
கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தோம்:
குடிகாரனோடு படம் எடுத்துக்கொண்ட
பாதிரியார் மாதிரி நின்றது.
கோணம் சரி. வீடுதான் கோணல்.
பிரித்தாள்.
வீட்டுக்குத் தோதாகக் கோணலாய்த் திரும்பச் செய்தாள்.
இப்போது நேராகத் தெரிகிறது.
அதற்கு மூன்று வாரம், இரண்டு சண்டை,
ஒரு டப்பா மரப்பசை.

ஜூனில் சன்னல் பக்கச் சுவரை உரித்தோம்.
உள்ளே எலி இழுத்துவைத்த பஞ்சு,
ஒரு சோடா மூடி,
எனக்கு முன்னே பிறந்த புழுதி.
அப்புறம், ரிமு மரச் சட்டத்தில்
பென்சிலால் ஒரு கணக்கு:
தொண்ணூற்றிரண்டில் முப்பத்தேழு போனால்
அறுபத்தைந்து.
அடியில் அழுத்தமாக இரண்டு கோடு.

ரோனா விரல் விட்டு எண்ணினாள்.
திரும்ப எண்ணினாள்.
மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
அழுகிறாளோ என்று
முட்டையை விட்டுவிட்டு ஓடினேன்.
சிரித்துக்கொண்டிருந்தாள்.
இரண்டில் ஏழு போகாது,
பக்கத்து வீட்டில் கடன் வாங்கியிருக்கிறான்,
வாங்கியதை மறந்துவிட்டான், பாவி.

அதனால்தான்,
பதினோரு வருடமாகப் பாத்திரம் கழுவும்போது
எங்களுக்குத் துறைமுகம் தெரிந்ததில்லை.
தெரிந்தது ஹூயா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.
இராப்பணி முடிந்த ஹூயா
நர்ஸ் உடுப்போடு அதில் சாய்ந்து
நின்றபடியே நூடுல்ஸ் தின்பாள்.
நாங்கள் சோப்புக் கரண்டியைத் தூக்குவோம்.
அவள் முள்கரண்டியைத் தூக்குவாள்.
இதைத் தாண்டி
பெரிய பேச்சு வார்த்தை கிடையாது.

சன்னலை நகர்த்திவிடலாமே என்றேன்.
பத்தே அங்குலம்.
அந்தப் பக்கம் தண்ணீர், கப்பல்,
நான் வேலை செய்வதைக்கூடப் பார்க்கலாம்.
"மேலே போடுகிற உத்திரம் என்ன விலை தெரியுமா?"
எனக்குத் தெரியாது.
அவளுக்கும் தெரியாது.
விசாரிக்கவே இல்லை.

மூடுபலகை அடிக்கிற ஞாயிறு.
அந்தப் பழைய கணக்குக்குக் கீழே
தன் அலமாரிக் கதவுக்கான கணக்கைப் போட்டாள்,
தேதியோடு.
நான் பலகையைத் தலையால் முட்டுக்கொடுத்து நின்றேன்.
கண்ணுக்கு நேரே, மில்லிமீட்டரில்:
நானூற்று எண்பத்தாறும்
நூற்று முப்பத்தேழும்
அறுநூற்றுப் பதின்மூன்று.

சொல்லியிருக்கலாம்.
வாயில் நாலு திருகாணி இருந்தது.
துளைக்கருவி உறுமிக்கொண்டிருந்தது.
அவள் முகத்தில் வேறு
ஜூனில் பார்த்த அந்தச் சிரிப்பு.

இப்போது குளியலறையில் குளிக்கிறோம்.
அந்தக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே
ஒரு சென்டிமீட்டர் சந்து.
அதன் வழியே தேயிலை டப்பாவின் சிவப்பு
கோடாகத் தெரிகிறது.
முதல் தடவையாக உள்ளே வந்த ஹூயா
குனிந்து பார்த்தாள்.
வேண்டுமென்றே விட்டதா என்றாள்.
"பின்னே?" என்றாள் ரோனா,
கூச்சமே இல்லாமல்.