நேரமில்லா நேரம்

பலகையில் எம்.பி. அலுவலகம் என்று இருக்கிறது.
கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாங்கள் மூன்று பேர்,
பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்சந்து.
வரும் மனுக்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை.
டெல்லிக்கு ஓர் அடுக்கு, சென்னைக்கு, கலெக்டருக்கு,
யாருக்கும் இல்லை என்று ஒன்று.
அதுதான் உயரம்.
மருமகன் அடிக்கிறான் என்று ஒருத்தி எழுதியதும்
சுடலை கோயில் கொடைக்கு மைக்செட் அனுமதி கேட்டதும்
அதில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கின்றன.

நேரமில்லா நேரத்துக்கு ஒரு சீட்டுதான்.
மாலை ஐந்துக்குள் போய்ச் சேர வேண்டும்,
குலுக்கலில் பெயர் விழ வேண்டும்.
விழுந்தாலும் மூன்று நிமிடம் என்பது பேச்சுக்கு;
மைக் அணையும் வரைதான் நம்முடையது.
ஆகவே ஒரே ஒரு துயரம்.
அதைப் பொறுக்குவது எம்.பி. இல்லை, கட்சி இல்லை,
சர்க்கரை மாத்திரை போட மறந்த நான்,
ஒரு செவ்வாய்க்கிழமை.

மேலப்பாளையம் மைதீன்பாத்து:
பி.எஃப். எண்ணில் ஓர் இலக்கம் பிசகி
பதினோரு வருடம் பீடி சுற்றிய பணம்
முகம் தெரியாத எவளோ ஒருத்தி பேரில் ஏறிவிட்டது.
உவரிப் பக்கத்துச் சிலுவைப்பிச்சை:
தூண்டில் வளைவு வேண்டும்.
மனுவோடு ஒரு போட்டோ. அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் சுவர் இல்லை,
கடல்.
பனையடியூர் சுப்புக்குட்டி:
ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் நின்ற பத்தொன்பது நிமிடத்தில்
மனைவிக்கு அங்கேயே பிரசவம்.
கேட் கீப்பர் குடை பிடித்திருக்கிறார்.
'பிள்ளைக்குப் பேர் வச்சாச்சு, பாலம் மட்டும் பாக்கி'
என்று முடித்திருந்தான்.

பாலத்தைத் தேர்ந்தேன்.
மூன்று நிமிடத்தில் அடங்கும்.
கடல் அடங்காது.
ஓர் இலக்கத்துக்கு எந்த மந்திரி எழுந்து நிற்பார்?

பதினான்காவதாகப் பெயர் விழுந்தது.
காலை பஸ்ஸில் சுப்புக்குட்டி வந்தான், கால்கிலோ மிக்சரோடு.
காத்திருந்த நேரத்தில் மேஜையிலிருந்த போட்டோவை எடுத்து
இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தான்.
பின்பக்கம் ஒன்றுமில்லை.

போனில் சபை தெரிந்தது.
எல்லோரும் நடுவில் நிற்கிறார்கள்.
அட்டைகள், கூச்சல், கிழித்த தாள் பறக்கிறது.
முன்வரிசையில் கழுத்து நரம்பு புடைக்க
எங்கள் எம்.பி.
இரண்டு மணி வரை ஒத்திவைப்பு.
இரண்டு மணிக்கு நாள் முழுதும்.

'அது நம்ம மேடம்லா அண்ணாச்சி? எதுக்குக் கத்துதாக?'
வடக்கே ஓர் ஊர், பெயர் எனக்கும் வாயில் நிற்கவில்லை.
வீடுகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள்,
ஆள்கள் உள்ளே இருக்கும்போது, என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
'அப்பம் கத்தத்தானவே செய்யணும்.
வீடு எரியயில பாலத்தையா பேசுவாக?'
மிக்சரைப் பிரித்து நடுவில் வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துகொண்டான்.

அந்தச் சீட்டு அந்த நாளோடு செத்துவிடும்.
மறுபடி எழுத வேண்டும், ஐந்துக்குள்.
நாலரைக்கு அவனே கூப்பிட்டான்.
பின்னால் மணியும் மோட்டார் சைக்கிள் உறுமலும்.
'கேட்டுலதான் நிக்கேன். வண்டி போகட்டும், சொல்லுதேன்.'
போனைக் காதில் வைத்தபடி இருந்தேன்.
செங்கோட்டை வண்டி என் காதுக்குள் பெட்டி பெட்டியாகப் போனது.
இவ்வளவு நீளமா அது?

'அண்ணாச்சி, நாளைக்கு அந்தக் கடக்கரை ஆளப் போடும்.
இது எப்படியும் தொறக்கும்லா.'
தொடர்பு அறுந்ததா, வைத்துவிட்டானா தெரியவில்லை.

மிக்சர் எண்ணெய் ஒட்டிய விரலோடு
புதுத் தாள் எடுத்து எழுதினேன்,
மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, என் தொகுதியில்
என்று தொடங்கி, ஊர் பெயர், தெருவின் பெயர்.
அங்கே நின்றது பேனா.
தெரு 'உள்ளது' என்று போடுவதா?
சிலுவைப்பிச்சைக்குப் போன் போட்டேன்.
மணி நாலு ஐம்பத்திரண்டு.
அடித்துக்கொண்டே இருக்கிறது.